வரைபடத்துக்கு முன் ஒரு குழி

(வீட்டுத் தோட்ட ஆர்வலர்களின் மாதாந்திரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் டிசைனர் வைக்கணுமா? நாலு செடி வாங்கி வைக்க நமக்குத் தெரியாதா?" பக்கத்தில் நின்றவர், "அதெல்லாம் பண்ணை வீட்டுக்காரங்க சமாசாரம்" என்றார். அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டேன். ஆனால் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. 2012இல் நானும் அச்சுப் பிசகாமல் இதையேதான் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு என்ன விலை கொடுத்தேன், பிறகு ஒரு தோட்ட வடிவமைப்பாளரோடு சேர்ந்து வேலை செய்தபோது என்ன கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். ஒரு கிரவுண்டு மனை, 40க்கு 60, கிழக்குப் பார்த்த வாசல். 2011இல் கட்டிக் குடிவந்தோம். முன்னால் 15 அடி, பின்னால் 12 அடி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டிருந்தோம். கட்டி முடித்த கையோடு ஒரு நர்சரிக்காரர் வந்தார். "டிசைன் நான் சும்மாவே போட்டுத் தர்றேம்மா, செடிக்கும் புல்லுக்கும் மட்டும் காசு குடுங்க" என்றார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். லோடு லோடாகச் செம்மண் வந்து இறங்கியது. முன்பக்கம் கொரியன் புல், மதிலோரம் வரிசையாக இட்லிப்பூச் செடி, மூலைக்கு மூலை அரிக்கா பாம். ஒரே நாளில் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. புதுமனை புகுவிழாவுக்கு வர முடியாத உறவினர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன்.

மே மாதம் புல் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை நர்சரிக்காரர் கேட்கவுமில்லை, நானும் சொல்லவில்லை. இட்லிப்பூவின் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. உரம் போட்டேன், இன்னும் வெளுத்தது. ஐப்பசி மழை பிடித்தபோது, மண் கொட்டி உயர்த்திய புல்தரை மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே கரை கட்டியதுபோல நின்று, தண்ணீரை வாசற்படிக்கே திருப்பிவிட்டது. என் மாமியாருக்கு அப்போது 76 வயது. வழுக்கும் படியில் கால் வைக்கப் பயந்து ஒரு மாதம் வெளியே வராமல் இருந்தார். 60,000 ரூபாய்க்கு மேல் செலவழித்து, வீட்டுப் பெரியவரை உள்ளே அடைத்து வைத்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடுத்த வருஷம் ஜூனில், தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் வடிவமைப்பாளர் வந்தார். கட்டடக்கலை படித்து, அதன்மேல் நிலத்தோற்ற வடிவமைப்பும் படித்தவர். முப்பது வயது இருக்கும். செடிப் படம் போட்ட புத்தகம், லேப்டாப் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, பையில் சின்னக் கடப்பாரை. வந்து ஐந்து நிமிஷத்தில், "அம்மா, இந்தக் கருகின புல்லுல ஒரு குழி தோண்டிக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டினார். குழியின் பக்கவாட்டை என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே நாலு அங்குலம் செம்மண். அதற்குக் கீழே எட்டு அங்குலத்துக்கு எங்கள் வீட்டைக் கட்டியபோது மிஞ்சியதெல்லாம் கிடந்தது. செங்கல் துண்டு, காய்ந்து இறுகிய சிமெண்ட் கட்டி, குளியலறை டைல்ஸின் நீல ஓரம், முறிந்த பி.வி.சி. பைப். அதற்கும் கீழே பிசைந்த மாவுபோலக் கறுப்புக் களிமண். அந்த டைல்ஸ் துண்டைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கடை கடையாக ஏறி இறங்கி நான் தேர்ந்தெடுத்த நிறம். என் தோட்டம் எதன்மேல் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "சிமெண்ட்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு. மண்ணு காரமாயிடும். காரமான மண்ணுல இட்லிப்பூ வேரால இரும்புச் சத்தை எடுத்துக்க முடியாது. அதான் வெளுக்குது. நீங்க எவ்வளவு உரம் போட்டாலும் எடுக்காது" என்றார்.

பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அப்போது மணி பத்து. காபி குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றி அளந்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. குழியில் தண்ணீர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. நோட்டில் அதையும் குறித்துக்கொண்டார்.

நண்பர்களே, தோட்ட வடிவமைப்பாளரிடம் நாம் காசு கொடுத்து வாங்குவது முதலில் இந்தக் குழியைத்தான். எந்தச் செடி அழகு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் காலடியில் என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் படித்த கண் வேண்டும். ஆனால் அந்தக் கண் எவ்வளவு படித்திருந்தாலும் அதற்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. அந்த வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அது. அந்தப் பாதியைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். நம் பங்கை நாம் கொடுக்காமல், "உங்களுக்குத் தெரியாததா, நல்லா பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டால் எத்தனை பெரிய வல்லுநராலும் நல்ல தோட்டம் போட முடியாது. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இது எங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்ற கதை.

குழி தோண்டிய பிறகு கேள்வி தொடங்கியது. காலையில் முதலில் எந்தக் கதவைத் திறப்பீர்கள்? துணி எங்கே காயும்? கேஸ் சிலிண்டர் எந்த வழியாக வரும்? மீட்டர் பெட்டியைப் பார்க்க ஆள் வந்தால் எங்கே நிற்பார்? செப்டிக் டாங்க் மூடி எது, சம்ப் மூடி எது? ஸ்கூட்டரை எங்கே திருப்புவீர்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தோட்டத்தில் உங்களால் வேலை செய்ய முடியும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பெருமையாக, "தினமும் ஒரு மணி நேரம்" என்றேன். கணவர் பக்கத்திலிருந்து, "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்னு எழுதிக்கம்மா" என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. உண்மையான பதிலுக்கு ஏற்ற தோட்டம்தான் நிலைக்கும். ஆசைக்குப் பதில் சொன்னால் ஆறு மாதத்தில் களை மண்டும்.

என் மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் போய்த் தரையில் உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அந்தப் பெண். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவர் யோசிக்கவே இல்லை. "பவழமல்லி வேணும். ஊர்ல வாசல்ல இருந்துது. விடியக்காலம் கீழ கொட்டிக் கிடக்கும், பொறுக்கி எடுப்பேன். இங்க இப்ப குனிய முடியாது" என்றார். பிறகு, "ஏம்மா, வாசல்ல எல்லாம் கல்லு போட்டுட்டா கோலம் எங்க போடறது? புள்ளி நிக்குமா அதுல?" என்றார்.

அந்தப் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டார். வரைபடத்தில் வாசற்படிக்கு எதிரே 6 அடிக்கு 6 அடி, இண்டர்லாக் கல்லின் கோடுகள் இல்லாமல், வழுவழுப்பான சிமெண்ட் தரை ஒன்று வந்தது. பவழமல்லி மாமியாரின் அறை ஜன்னலுக்கு வெளியே, ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் வந்தது. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அந்தச் செடியின் வேர் தாங்காது என்பதற்காக மேடு. குனிய முடியாதவருக்கு அதே மேடு இன்னொரு உதவியும் செய்தது. பூ விழும் இடம் உயர்ந்துவிட்டதால், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கைநீட்டிப் பொறுக்க முடிந்தது. பக்கத்தில் இரண்டேகால் அடி உயரத்தில் செங்கல் கட்டி, கீரைக்கு ஒரு பாத்தியும் போட்டுக் கொடுத்தார்.

இந்த உயர்ந்த பாத்தியைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஹம்ஃப்ரி ரெப்டன் நினைவுக்கு வருவார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லான்சலட் பிரவுனுக்குப் பிறகு மிகப் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர். 1811இல் ஒரு வண்டி விபத்தில் அடிபட்டு, கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தார். அதற்குப் பிறகு எழுதியபோது, குனிய முடியாதவரும் கையால் தொட்டு, மணம் முகரும்படிப் பாத்திகளை உயர்த்திக் கட்டலாம் என்று சொன்னார். அதுவரை பெரிய பிரபுக்களின் பரந்த நிலங்களைப் பார்த்த கண், தன் உடம்பு ஒடுங்கிய பிறகு ஒரு கை நீளத்தைப் பார்த்தது. மடிப்பாக்கத்துக் கீரைப் பாத்திக்கும் அதுதான் நியாயம்.

ரெப்டனிடம் இன்னொரு பாடமும் உண்டு. அவர் 1788இல் இந்தத் தொழிலுக்கு வந்தார். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் தயாரித்துக் கொடுப்பார். அதில் நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும். ஓவியத்தின்மேல் ஒரு தாள் மடல் ஒட்டியிருக்கும். மடல் மூடியிருந்தால் நிலம் இப்போது இருக்கிறபடி தெரியும், மடலைத் தூக்கினால் தோட்டம் போட்ட பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் 3டி படம் காட்டுகிறார்களே, அதற்கு இது பாட்டன். ஆனால் அந்தச் சிவப்புப் புத்தகங்களில் இருந்த யோசனைகளில் பல நிலத்துக்கு வரவே இல்லை. வீட்டுக்காரர்கள் மடலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ரசித்துவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டார்கள். பிரவுன் வேலையையும் தானே எடுத்துச் செய்து முடிப்பார். ரெப்டன் யோசனை சொல்லி வரைந்து கொடுப்பதோடு சரி. செய்வது வீட்டுக்காரர் பாடு.

இந்த வித்தியாசம் இன்றும் இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் ஒப்பந்தம் பேச வேண்டும். சிலர் வரைபடத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்கள். சிலர் வேலையின் மொத்தச் செலவில் ஒரு சதவீதம் கேட்பார்கள். சிலர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள். எதுவும் தப்பில்லை. "டிசைன் இலவசம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காசு செடியின் விலையில் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், செடி விற்று லாபம் பார்ப்பவர், "இங்கே செடியே வேண்டாம், முதலில் இடிபாட்டை அள்ளுங்கள்" என்று உங்களிடம் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கிய ஒருவர் வேண்டியிருந்தது. மூன்று யூனிட் இடிபாடு அள்ளி லாரியில் போனது. அதற்கான கூலியும் வண்டி வாடகையும் மொத்தச் செடிகளின் விலையைவிட அதிகம். போட்டோவில் ஒன்றும் தெரியாத செலவு. ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் செய்த மிக நல்ல செலவு அதுதான்.

3டி படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் படத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இந்தச் செடிகள் எத்தனை வருஷத்தில் இந்த உயரம் வரும்? இது எந்த மாதத்து வெயில்?

வெயில் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டு, வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. எங்கள் வீடு 22 அடி உயரம். டிசம்பர் நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே 16 அடி நீளும், அதாவது வடக்குச் சந்து முழுக்க இருட்டு. ஜூனில் அதே நடுப்பகலில் நிழல் தெற்குப் பக்கம் நாலு அடிக்குத்தான் விழும், வடக்குச் சந்தில் வெயில் சுள்ளென்று இறங்கும். ஆறு மாதம் இருட்டையும் அக்கினி நட்சத்திர வெயிலையும் ஒரே செடி தாங்க வேண்டும். நிழல் செடி என்று நர்சரியில் கொடுப்பதை அங்கே வைத்தால் மே மாதம் வெந்துபோகும். இதை அந்தப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியபோது, வடக்குச் சந்தில் நான் இரண்டு முறை வைத்து இரண்டு முறையும் செத்த செடிகளின் காரணம் புரிந்தது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி சுமார் 1000 சதுர அடி, 93 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 4,650 லிட்டர். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அதை எங்கே விடுவது என்று தீர்மானிக்காமல் தோட்டம் போடுவது அடுப்பு மூட்டாமல் உலை வைப்பதுபோல. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமான பிறகு கட்டிய வீடு என்பதால் எங்களிடமும் ஓர் உறைகிணறு இருந்தது. திறந்து பார்த்தபோது மண்ணும் சருகுமாக அடைத்துக் கிடந்தது. அதைத் தூர்வாரி, மாடிக் குழாய்கள் இரண்டையும் கூழாங்கல் போட்ட வாய்க்கால் வழியாகக் கல்வாழை வைத்த தாழ்ந்த பாத்திக்குக் கொண்டுவந்து, அங்கே நிரம்பி வழிவதை வடிகட்டி வழியே அதே உறைகிணற்றில் விட்டார்கள். வாசற்படியிலிருந்து வெளியே 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு. 15 அடிக்கு இரண்டங்குலம்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. கொத்தனார் டியூப் லெவல் வைத்துப் பிடித்தார். மறுவருஷ மழையில் என் மாமியார் காலை நனைக்காமல் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

எல்லாவற்றிலும் வடிவமைப்பாளர் சொன்னதே சரியாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். முருங்கை வேண்டவே வேண்டாம் என்றார். கிளை மொடுக்கென்று முறியும், கம்பளிப்பூச்சி வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் முருங்கை இல்லாத வீட்டை என் மாமியாரால் வீடாக நினைக்க முடியவில்லை. பேசி, பின்மூலையில், வழியை விட்டுத் தள்ளி, வருஷா வருஷம் நாலடியில் வெட்டிவிடுவது என்று முடிவானது. இன்னொன்று, பின்பக்கம் சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல்லுக்குப் போக அழகாக வளைந்த ஒரு கல்பாதை வரைந்திருந்தார். படத்தில் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கடப்பாக் கல் பதித்தாயிற்று. வீட்டு வேலைக்கு வரும் அக்கா இடுப்பில் பக்கெட்டோடு வளைந்து வளைந்து போவாரா? நேராகப் போனார். மூன்று மாதத்தில் புல்லில் நேர்கோடாக ஒரு ஒற்றையடித் தடம் விழுந்துவிட்டது. பார்வையிட வந்த அந்தப் பெண் தடத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் தப்பாப் போட்டுட்டேன்மா. அந்த அக்காகிட்ட நான் கேட்கவே இல்லை" என்றார். அன்றைக்கே ஆள் வைத்துக் கற்களைப் பெயர்த்து, தடத்தின்மேலேயே, அந்த அக்காவை நடக்கவிட்டு அவர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒவ்வொன்றாகப் பதித்தார். தன் வரைபடத்தைவிட ஒரு பெண்ணின் காலடியை மதித்த அந்த நாளில்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

என் பக்கத்துத் தப்பும் உண்டு. நட்டு முடித்தபோது செடிகளுக்கு நடுவே மூன்றடி நாலடி இடைவெளி. வெறிச்சென்று இருந்தது. முழுசாக வளர்ந்த அளவைக் கணக்கிட்டு விட்ட இடம் என்று அவர் சொல்லியிருந்தும் மனசு கேட்காமல், அவருக்குத் தெரியாமல் ஏழெட்டுச் செடி வாங்கிவந்து நடுநடுவே சொருகினேன். ஒரு வருஷத்தில் ஒன்றை ஒன்று நெருக்கி, காற்றோட்டமில்லாமல் மாவுப்பூச்சி பிடித்தது. செம்பருத்தி முழுவதும் வெள்ளை. சொருகியதை எல்லாம் பிடுங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். முதல் வருஷத்து வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுத்திருக்கிறோம். அதைக் காலியாகவே விடுங்கள். மனசு கேட்காவிட்டால் கீரையோ சாமந்தியோ போட்டு எடுத்துவிடுங்கள்.

ஊரில் இல்லாத வடிவமைப்பாளருக்குப் போட்டோ அனுப்பி, படம் மட்டும் வாங்கிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். முன்மாதிரி இருக்கிறது. கெர்ட்ரூட் ஜீகில் என்ற ஆங்கிலேய அம்மையார், 1843இல் பிறந்து 1932இல் மறைந்தவர், சுமார் 400 தோட்டங்களை வடிவமைத்தார். பார்வை மங்கி, வயதான பிறகு, பலவற்றை நேரில் போகாமல் அளவுப் படங்களையும் கடிதங்களையும் வைத்தே செய்தார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து உட்பரி என்ற ஊரில் கிளீப் ஹவுஸ் என்ற வீட்டுக்கு 1926இல் அப்படித்தான் ஒரு வரைபடம் அனுப்பினார். அந்தத் தோட்டம் அப்போது முழுதாகப் போடப்படவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து வரைபடம் மறுபடி கண்ணில் பட்ட பிறகுதான் மண்ணுக்கு வந்தது. ஜீகில் போன்றவர் வரைந்தாலும், இந்தப் பக்கம் கடப்பாரையோடு ஆள் நிற்காவிட்டால் அது காகிதமாகவே இருக்கும். தூரத்திலிருந்து வேலை வாங்கத்தான் வேண்டுமென்றால், குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற வேலையை நீங்கள் செய்து, மண் பரிசோதனைக் கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்து, அந்த முடிவுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் ஒரே யோசனைதான் சொல்வேன். அவர் போட்டு மூன்று வருஷமான ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். நட்டு முடித்த அன்று எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கும். மூன்று மழையும் மூன்று கோடையும் பார்த்த தோட்டத்துக்குப் போய், அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் அங்கே தண்ணீர் ஊற்றுகிறவரிடம் பேசுங்கள்.

தண்ணீர் ஊற்றுகிறவர் என்றதும் எங்கள் தோட்டக்கார அண்ணனைச் சொல்ல வேண்டும். வடிவமைப்பாளர் போன பிறகு தோட்டம் அவர் கையில்தான். ஆரம்பத்தில் நாங்கள் எந்தப் பேச்சிலும் அவரைச் சேர்க்கவில்லை. பூக்க வேண்டிய நந்தியாவட்டையைக் கத்திரியால் பந்துபோல வெட்டி நிறுத்திவிட்டார். அவர் அதைத்தான் அழகென்று எல்லா வீட்டிலும் செய்து பழகியவர். அடுத்த முறை வந்த வடிவமைப்பாளர் அவரோடு அரை நாள் செலவழித்தார். வெட்ட வேண்டிய கிளையில் சிவப்புத் துணி கட்டி, ஏன் என்று காரணம் சொன்னார். அண்ணனும் பதிலுக்குச் சொல்லிக்கொடுத்தார். பவழமல்லி மேட்டின் வடபக்கம் எறும்புப் புற்று வருகிறது, அங்கே மண் சரிகிறது என்று. வருஷத்துக்கு இரண்டு முறை, இரண்டு வருஷம் வந்து பார்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். அதை நீங்களும் எழுதி வாங்குங்கள்.

2015 டிசம்பர் உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டங்குலச் சரிவும் ஓர் உறைகிணறும் அந்த வெள்ளத்தை ஒன்றும் செய்ய முடியாது, அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. மூன்று நாள் தோட்டம் நீருக்கடியில் இருந்தது. வடிந்த பிறகு பார்த்தால் கல்வாழை பத்து நாளில் புதுக் குருத்து விட்டது. முன்பக்கம் வைத்திருந்த புன்னைக் கன்று அசையவில்லை. கடற்கரை மரம், உப்பும் தாங்கும், தேங்கிய தண்ணீரும் தாங்கும் என்று தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை. மேட்டின்மேல் இருந்த பவழமல்லி பிழைத்தது. எலுமிச்சை போய்விட்டது. அதன் வேர் ஈரத்தில் அழுகிவிடும். ஊறுகாய்க்காக நான் பிடிவாதமாகத் தாழ்வான இடத்தில் வைக்கச் சொன்ன செடி. மறுவருஷம் டிசம்பர் 12, வர்தா புயல். எதிர்வீட்டுச் செம்மயிற்கொன்றை மதிலோடு சாய்ந்தது. நகரம் முழுக்க இயல்வாகையும் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு கிடந்தன. புன்னையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூங்கில் கழியை மட்டும் நாங்கள் மாற்றினோம்.

என் மாமியார் 2019 தையில் காலமானார். அதற்கு முந்தைய மார்கழி முழுக்கத் தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பவழமல்லி பொறுக்கினார். அந்த 6 அடித் தரையில் கோலம் போட அவரால் முடியவில்லை, நான் போட்டேன், அவர் மேட்டிலிருந்து புள்ளி எண்ணிக்கை சொன்னார்.

அந்த வரைபடத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசையில் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும், சமையலறையில் வைத்துப் பார்த்ததில் பட்டது. வளைந்த பாதை பென்சிலால் அடித்து நேராக்கப்பட்டிருக்கும். எலுமிச்சைக்குப் போட்ட வட்டத்தின்மேல் பெருக்கல் குறியிட்டு "டிச. 2015" என்று எழுதியிருக்கிறது. அந்த இடம் இன்னும் காலிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வருகிறார். அங்கே முதலில் ஒரு குழி தோண்டிப் பார்க்கப் போகிறோம்.